சலுகை காட்டாத தகப்பன்

“உன் செருப்பை எடுத்து உள்ள வைடி. வாசல்ல ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க செருப்பு கிடந்தா யாருதுன்னு கேக்க மாட்டாங்களா?” என்றாள் அம்மா, பிஸ்கட் தட்டைத் துடைத்தபடியே.

பெரியவள் வாசலுக்குப் போய்த் தன் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தாள். கூடத்து நாற்காலிகளின் மெத்தைகளுக்குப் புது உறை போட்டிருந்தது. அவற்றைத் தைத்தவள் அவள்தான். நாலு பேருமாக எடுத்துக்கொண்ட படம் மாட்டியிருந்த ஆணியில் இப்போது நாட்காட்டி தொங்கியது. படம் அலமாரிக்குள் துணிகளுக்கு அடியில் போயிருந்தது.

அப்பா கண்ணாடி முன்னால் நின்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடியில் மகள் கடந்து போவது தெரிந்தது. அவர் குனிந்து, ஏற்கெனவே போட்டிருந்த பொத்தானைக் கழற்றி மறுபடியும் போட்டார்.

“அக்காவை உள்ள வெச்சுட்டு நான் வந்து உக்கார மாட்டேன்,” என்றாள் சின்னவள். அழுதழுது அவள் மூக்கு சிவந்திருந்தது.

“போய் முகத்தைக் கழுவு,” என்றாள் பெரியவள். “இந்த மூஞ்சியோட நின்னேன்னா, ‘உள்ள இருக்கறவளையே காட்டுங்க, அவளே தேவலாம்’னு சொல்லிடப் போறாங்க.”

சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவுக்கும் வந்தது. ஆனால் அம்மா உதட்டைக் கடித்து அதை அடக்கிக்கொண்டு, பெரியவளைத் தோளில் கைவைத்துப் பின்னறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள். “காத்துல திறந்துக்கும்,” என்று கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டு வெளித் தாழ்ப்பாளைப் போட்டாள்.

பெரியவளுக்குப் பள்ளிப் படிப்பு முடியும் சமயத்தில் விரல் நுனியில் ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்தது. சுண்ணாம்பு பட்டிருக்கும் என்று நினைத்துக் கழுவினாள். போகவில்லை. பிறகு உதட்டோரம், கண்ணைச் சுற்றி, இரண்டு புறங்கைகள் என்று பரவியது. காட்டிய டாக்டர்கள் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: இது ஒட்டாது, உடம்புக்குக் கெடுதல் இல்லை, தோலில் நிறம் போயிருக்கிறது, அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ டாக்டர்களின் அறையைத் தாண்டி வெளியே வரவில்லை. பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது. கடைக்காரன் மீதிச் சில்லறையை அவள் கையில் கொடுக்காமல் மேஜை மேல் வைத்தான். கல்லூரிப் படிப்பைப் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தாள். அதற்குள் அப்பாவுக்கு இந்த ஊருக்கு மாற்றலாகிவிட்டது. புது ஊரில் அவளை யாரிடமும் அறிமுகப்படுத்தவில்லை. அறிமுகப்படுத்தக் கூடாது என்று வீட்டில் யாரும் பேசி முடிவு செய்யவில்லை. அது தானாகவே நடந்தது.

வந்தவர்கள் மூன்று பேர். மாப்பிள்ளைப் பையன், அவன் அம்மா, அவனுடைய தாய்மாமன். அந்தத் தாய்மாமன் நகராட்சியில் பொறியாளர். அப்பா அதே நகராட்சியில் மேலாளர். இரண்டு பேருக்கும் ஒரே மாடியில் எதிரெதிர் அறை. பொறியாளரும் இந்த ஊருக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. சம்பந்தத்தைப் பேச்செடுத்தவரே அவர்தான்.

தேநீர் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா ஒரு வாய் குடித்துவிட்டுச் சின்னவளை நிமிர்ந்து பார்த்தாள். “டீ நீதான் போட்டியாம்மா? கைப்பக்குவம் நல்லா இருக்கே.”

சின்னவள் வாயைத் திறப்பதற்குள், “ஆமாங்க,” என்றாள் அம்மா.

“உங்களுக்கு ஒரே பொண்ணுதானே?”

பின்னறையில், தேநீர் போட்ட கை மடியில் கிடக்க, பெரியவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வாள் என்று அவள் நினைத்தாள். அம்மா சொன்னால் தாங்கிக்கொள்ளலாம். அம்மா பயந்தவள்.

“ஆமா,” என்றார் அப்பா. “ஒரே பொண்ணு.”

அவருடைய குரல் நல்ல குரல். நிதானமானது. அலுவலகத்தில் எதையாவது வாசிக்க வேண்டியிருந்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

அவர்கள் போனதும் தாழ்ப்பாள் திறந்தது. பெரியவள் வெளியே வந்து எச்சில் கோப்பைகளை எடுத்துக் கழுவப் போட்டாள். அப்பா அடுக்களை வாசல்வரை வந்து நின்றார்.

“பெரியவளே.”

“சொல்லுங்கப்பா.”

“ஒண்ணுமில்ல. டீ நல்லா இருந்துச்சுன்னு சொன்னாங்க.”

“கேட்டுச்சுப்பா,” என்றாள் அவள்.

*

நகராட்சியில் அந்தச் சமயம் சமவாய்ப்பைப் பற்றித்தான் பேச்சு. நகர்மன்றத்துக்குப் புதிதாக வந்திருந்த தலைவி கண்டிப்பானவள். இந்த அலுவலகத்தில் யாருக்கு என்ன வேலை என்பதை அவரவர் பிறந்த தெருவும் உடம்பும் தீர்மானிக்கக் கூடாது என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசினாள். கடைசியில் ஓர் உறுதிமொழி எழுதி, வாசலில் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் பலகையில் பொறித்து வைத்தார்கள். பிறப்பு, பால், நிறம், மொழி, ஊனம், தோற்றம் ஆகிய எதன் பேரிலும் இங்கே யாரையும் ஒதுக்கமாட்டோம் என்று அது சொன்னது.

அந்த வாசகத்தைச் செப்பனிடும் பொறுப்பு மேலாளருடையது. வரைவு தயாரானபோது, ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று தலைவி கேட்டாள். எல்லோரும் இல்லை என்றார்கள். மேலாளர் மட்டும் பேனாவைத் திறந்து, ‘ஊனம்’ என்பதற்குப் பக்கத்தில் ‘தோற்றம்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தார். “இதுவும் இருக்கட்டும் மேடம்,” என்றார். அது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போகும்போது, மகளுக்கு ஏதோ பெரிய பரிசு வாங்கிப் போகிறவர் மாதிரி நெஞ்சு நிறைந்து போனார். வீட்டில் அதை யாரிடமும் சொல்லவில்லை. பலகையைத் திறந்த அன்று உறுதிமொழியை எல்லோர் முன்னாலும் வாசித்தவரும் அவர்தான்.

உறுதிமொழியோடு சில விதிகளும் வந்தன. ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போது, விண்ணப்பித்தவர் பெயரோ, தகப்பன் பெயரோ, தெருவோ நேர்காணல் அறைக்குள் வரக் கூடாது. எண்ணைச் சொல்லி அழைக்க வேண்டும். தேர்வுக் குழுவில் இருப்பவருக்கு வேண்டப்பட்டவர் யாராவது உள்ளே வந்தால், அவர் அப்போதே எழுந்து அதைச் சொல்லிவிட்டு வெளியேறிவிட வேண்டும்.

அந்த விதிகளின்படி நடந்த முதல் நியமனம், கீழ்த்தளத்தில் புதிதாகத் திறந்த மக்கள் சேவை முகப்புக்கானது. பிறப்பு, இறப்புச் சான்றிதழ் கேட்டு வருகிறவர்களுக்கு அங்கே உட்கார்ந்து பதில் சொல்ல ஆள் வேண்டும். எழுத்துத் தேர்வு முடிந்து, தேறியவர்களை நேர்காணலுக்கு அழைத்திருந்தார்கள். குழுவில் தலைவி நடுவில், ஒரு பக்கம் பொறியாளர், மறுபக்கம் மேலாளர்.

கதவருகே நின்று எண்களை அழைத்துக்கொண்டிருந்த கடைநிலை ஊழியருக்கு அலுவலகத்தில் ‘ஒலிபெருக்கி’ என்று பெயர். ரகசியம் பேசினாலே தெருமுனைக்குக் கேட்கும். அவர் அடுத்த எண்ணை அழைத்தார். கதவு திறந்தது. பெரியவள் உள்ளே வந்தாள்.

சின்னவளுடைய நீலப் புடவையைக் கட்டியிருந்தாள். முகத்தில் எதையும் பூசி மறைத்திருக்கவில்லை. வணக்கம் சொன்னாள். அந்த வணக்கத்தை மூன்று பேருக்கும் சமமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, நாற்காலியின் முதுகில் கைவைத்தபடி, உட்காராமல் நின்றாள். அப்பாவைப் பார்த்தாள்.

மேலாளருக்கு எழுந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. ‘இவ என் மூத்த மகள்’ என்று சொன்னால் போதும். அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. ஆனால் தலைவிக்கு அந்தப் பக்கத்தில், கன்னத்தில் விரலை ஊன்றி, பொறியாளர் உட்கார்ந்திருந்தார். தேநீரைக் குடித்துவிட்டு ‘ஒரே பொண்ணு’ என்பதைக் காதால் கேட்டுப் போனவர். நிச்சயத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருப்பவர்.

“உட்காருங்கம்மா,” என்றாள் தலைவி.

அவள் இன்னும் கொஞ்சம் நின்றாள். பிறகு உட்கார்ந்தாள்.

தலைவி கேட்டவற்றுக்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னாள். வருகிறவர் அழுதுகொண்டு வந்தால் என்ன செய்வீர்கள், கத்திக்கொண்டு வந்தால் என்ன செய்வீர்கள் என்றெல்லாம் தலைவி கேட்டாள். “இறப்புச் சான்றிதழ் கேட்டு வர்றவங்ககிட்ட முதல்ல உக்காருங்கன்னு சொல்லணும் மேடம். மத்தது அப்புறம்,” என்றாள். தலைவிக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

பொறியாளர் தொண்டையைச் செருமினார். “தப்பா எடுத்துக்காதீங்க. முகப்புன்னா நூறு ஜனம் வரும். உங்க கையால ஒரு காகிதத்தை வாங்கறதுக்குச் சிலர் யோசிப்பாங்க. அப்போ என்ன பண்ணுவீங்க?”

“மேஜை மேல வெச்சிடுவேன் சார். எனக்கு அது பழக்கம்தான். கொஞ்ச நாள்ல அவங்களுக்கே கூச்சமாப் போயிடும்.”

“வீட்டுல சம்மதமா?” என்று கேட்டாள் தலைவி. “வேலைக்குப் போறதுக்கு?”

“வீட்டுல இன்னும் சொல்லல மேடம். வீட்டுக்கு யாராவது வந்தா நான் உள்ளதான் இருப்பேன். அதனாலதான் வெளிய ஒரு இடம் வேணும்னு நெனச்சேன்.”

தலைவி சற்று நேரம் அவளையே பார்த்தாள். பிறகு இடப்பக்கம் திரும்பினாள். “மேலாளர் சார், நீங்க ஏதாவது கேக்கணுமா?”

எதுவும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மற்ற எல்லோரிடமும் ஒரு கேள்வியாவது கேட்டிருந்தார். இவளிடம் மட்டும் கேட்காவிட்டால் பொறியாளர் கவனிப்பாரோ என்று பயந்தார்.

“உங்களுக்கு…” என்று தொடங்கினார். நல்ல குரல் எங்கோ சிக்கிக்கொண்டது. தண்ணீர் குடித்தார். “உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியுமாம்மா? எங்க கத்துக்கிட்டீங்க?”

பிறந்ததிலிருந்து அவளை அவர் ‘நீ’ என்றுதான் அழைத்திருக்கிறார். கோபத்தில் ‘ஏய்’ என்றும், காய்ச்சலில் கிடந்தால் ‘கண்ணு’ என்றும் கூப்பிட்டிருக்கிறார். ‘நீங்க’ என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஊரில் யாரிடம் சொன்னாலும் மரியாதையாக இருக்கிற அந்தச் சொல் அவள் முகத்தில் அறைந்தது போல விழுந்தது. கண் இமை ஒருமுறை துடித்தது. பிறகு அவள் சொன்னாள்:

“தெரியும் சார். எங்க அப்பா கத்துக்கொடுத்தார்.”

*

அவள் வெளியே போனபின், மற்றவர்களும் வந்து போனபின், குழு முடிவெடுக்க உட்கார்ந்தது. எழுத்துத் தேர்வில் அவள்தான் முதல். நேர்காணலிலும் தலைவி அவளுக்கே அதிகம் போட்டிருந்தாள்.

“எடுக்க வேண்டியதுதான். அதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்ல,” என்றார் பொறியாளர். “ஆனா முகப்புல வேண்டாமே மேடம். பின்னாடி பதிவறையில போடுவோம். அவங்களுக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி. ஜனங்க வாயை நாம மூட முடியுமா?”

தலைவி மேலாளரைப் பார்த்தாள். “நீங்க சொல்லுங்க சார். பலகையில ‘தோற்றம்’னு எழுதச் சொன்னதே நீங்கதான்.”

அவர் அந்த நேரத்தில் எதை எதையோ நினைத்தார். முகப்பு கீழ்த்தளத்தில், படிக்கட்டுக்கு நேர் எதிரே இருந்தது. தினமும் பொறியாளர் அதைத் தாண்டித்தான் மாடி ஏற வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் அலுவலகத்துக்கு வந்து போவார்கள். மகள் ஒருநாள் வாய் தவறி அப்பா என்று கூப்பிட்டுவிடுவாள். பதிவறை கட்டடத்தின் கோடியில் இருக்கிறது. சன்னல்கூட வெளிச்சுவரைப் பார்த்துத்தான் திறக்கும். கல்யாணம் முடிகிறவரை அங்கே இருக்கட்டும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

“பதிவறையே நல்லது மேடம்,” என்றார். “அவங்களுக்கும் கொஞ்சம் பழக்கம் வரட்டும்.”

தலைவி எதுவும் பேசவில்லை. மூவரில் இருவர் சொன்னால் அதுதான் முடிவு. அவளும் போராடவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். ‘உத்தரவு போடுங்க’ என்று எழுந்துவிட்டாள்.

சாயங்காலம் வீட்டில் நாலு பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அம்மாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. நிச்சயத்துக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்று பேசிக்கொண்டே போனாள். அப்பா தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்.

“எனக்கு வேலை கிடைச்சிருக்கும்மா,” என்றாள் பெரியவள். “அப்பா ஆபீஸ்ல. பதிவறையில போட்டிருக்காங்களாம். ஒலிபெருக்கி வாசல்லயே சொல்லிட்டார்.”

அம்மாவின் கை நின்றது. அவள் கணவனைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள்.

“உங்களுக்குத் தெரியுமா?”

“அப்பாதான் என்னைக் கேள்வி கேட்டார்,” என்றாள் பெரியவள். குரலில் கோபம் இல்லை. “உள்ள வந்ததும் நான் உக்காராம நின்னேன்ப்பா. நீங்க எழுந்திருப்பீங்கன்னு நெனச்சேன். எழுந்து, ‘இது என் பொண்ணு, நான் இந்தக் குழுவுல இருக்கக் கூடாது’ன்னு சொல்லிட்டு வெளிய போவீங்க. அந்த ஒரு வார்த்தையை எல்லார் முன்னாடியும் கேக்கணும்னுதான் வீட்டுல சொல்லாம வந்தேன். வேலைகூட அப்புறம்தான்.”

அப்பா தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“சரி, வேலை கிடைச்சிருச்சில்ல,” என்றாள் அம்மா அவசரமாக. “பின்னாடி அறைன்னா என்ன, வேலை வேலைதானே. அப்பான்னு மட்டும் அங்க காட்டிக்காத. கொஞ்ச நாளைக்குத்தான். தங்கச்சி கழுத்துல ஒண்ணு ஏறிட்டா…”

“என் கழுத்தை இதுல இழுக்காதீங்க,” என்றாள் சின்னவள். “அக்கா இல்லன்னு சொல்லித்தான் எனக்கு ஒரு கல்யாணம் நடக்கணும்னா, நாளைக்கு அக்கா என் வீட்டுக்கு வந்தா யாருன்னு சொல்றது? டீ போட வந்தவங்கன்னா?”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கெட்டவள் இல்லை. ஒவ்வொரு நாளும் பெரியவள் கையிலும் முகத்திலும் மருந்து தடவி, வெயிலில் உட்கார வைத்து, பக்கத்தில் தானும் காய்ந்தவள். மகள் தூங்கும்போது புள்ளிகள் பரவியிருக்கின்றனவா என்று விரலால் தொட்டுப் பார்த்தவள். அதே கைதான் தாழ்ப்பாளையும் போட்டது.

“நாளைக்குத் தலைவி அம்மாவைப் பார்க்கப் போறேன்,” என்றாள் பெரியவள். “சொல்லிட்டுப் போறதுதான் மரியாதைன்னு சொல்றேன். பெர்மிஷன் கேக்கல.”

*

தலைவியின் அறையில் பெரியவள் சொன்னது கொஞ்சம்தான்.

“முகப்பு வேலைக்குத்தான் பரீட்சை எழுதினேன் மேடம். பதிவறைக்கு இல்ல.”

“உங்க நல்லதுக்குன்னு நெனச்சோம்மா,” என்றாள் தலைவி. சொல்லும்போதே அந்த வார்த்தை அவளுக்கே கசந்தது.

“என்னை உள்ள தள்றவங்க எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க மேடம். வாசல்ல பலகை இருக்கு. அதைப் படிச்சுட்டுத்தான் நான் பரீட்சைக்கு வந்தேன்.” கொஞ்சம் நிறுத்தி, “இன்னொண்ணும் சொல்லணும். குழுவுல இருந்த மேலாளர் என் அப்பா. அது தெரியாம நீங்க எடுத்த முடிவு செல்லாது. என்னை முதல்ல இருந்து கேளுங்க. அவர் இல்லாம. தேறலைன்னா வீட்டுக்குப் போயிடறேன்.”

அந்த ‘நீங்க’வையும் ‘சார்’ஐயும் தலைவியும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவள். அவை திரும்பவும் காதில் விழுந்தபோது அவளுக்கு உடம்பு கூசியது.

புதிய குழு வைத்து மறுபடியும் நேர்காணல் நடந்தது. முதலிடம் மாறவில்லை. பெரியவள் கீழ்த்தளத்தில், படிக்கட்டுக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். முதல் சில நாட்கள் சிலர் பக்கத்து வரிசைக்கு நழுவினார்கள். ஒரு கிழவர் அவள் கையிலிருந்து காகிதத்தை வாங்காமல், மேஜையில் வைக்கச் சொன்னார். அவள் வைத்தாள். மனைவியின் இறப்புச் சான்றிதழ் அது. கிழவரால் அதைப் படிக்க முடியவில்லை, கண் மறைத்தது. அவள் வாசித்துக் காட்டினாள். பெயரில் ஓர் எழுத்து தப்பாக இருந்ததைத் திருத்தி வாங்கித் தந்தாள். இரண்டாவது முறை கிழவர் கையை நீட்டித்தான் வாங்கினார்.

மறு நேர்காணலுக்கான காரணம் பொறியாளர் காதுக்கும் போனது; சம்பந்தம் நின்று போயிற்று. யாரும் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. போன் வருவது நின்றது, அவ்வளவுதான். மாப்பிள்ளைப் பையன் சின்னவளுக்கு ஒரு தடவை பேசினான். தனக்கு ஆட்சேபணை இல்லை என்றும், ஆனால் அம்மாவை மீற முடியாது என்றும் சொன்னான். “மீற முடியாதவர்னு இப்பவே தெரிஞ்சது நல்லதுதாங்க,” என்று சின்னவள் போனை வைத்தாள். அம்மா ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. அப்புறம் ஒருநாள் அலமாரியைத் திறந்து, நாலு பேர் படத்தை எடுத்துத் தூசி தட்டி, பெரியவளிடம் கொடுத்தாள். தானே மாட்ட அவளுக்கு மனம் கூசியது.

பொறியாளர் சும்மா இருக்கவில்லை. ஒரே பெண் என்று சொல்லித் தன் அக்கா குடும்பத்தை ஏமாற்றியவன் மேல் அவருக்கு ஆத்திரம். அந்த ஆத்திரத்தை அப்படியே சொல்ல நகராட்சியில் இடமில்லை. அதனால் வேறு விதமாகப் புகார் கொடுத்தார்: விண்ணப்பித்தவள் தன் சொந்த மகள் என்பதை மேலாளர் மறைத்துக் குழுவில் உட்கார்ந்து, சலுகை காட்டி, அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தார்.

*

நகராட்சி ஆணையர் தலைமையில் கூட்ட மண்டபத்தில் விசாரணை வைத்தார்கள். நகர்மன்ற உறுப்பினர்கள் வந்திருந்தார்கள். குற்றம் நிரூபணமானால் வேலை போகும், ஓய்வூதியமும் போகும் என்று அலுவலகம் முழுக்கப் பேசிக்கொண்டது. சாட்சி சொல்லக் கூப்பிட்டதால் பெரியவளும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

“அந்தப் பொண்ணு உங்க மகள்னு உங்களுக்குத் தெரியும்?” என்று கேட்டார் ஆணையர்.

“தெரியும்.”

“தெரிஞ்சும் சொல்லல?”

“சொல்லல.”

“ஏன்?”

மேலாளர் பொறியாளரைப் பார்த்தார், தலைவியைப் பார்த்தார். கடைசி வரிசையைப் பார்க்கவில்லை. “வெளிய சொல்றதுக்கு வெக்கமா இருந்தது சார்,” என்றார்.

ஆணையர் பேனாவை உருட்டினார். இந்தப் பதிலை எந்த விதிக்குக் கீழே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. தன் கேள்விக்குத் திரும்பினார்.

“நான் கேக்கறது அது இல்ல. மகளுக்குச் சாதகமா நடந்துக்கிட்டீங்களா?”

“இல்ல சார். பாதகமா நடந்துக்கிட்டேன்.” இப்போது அவர் குரல் தெளிந்திருந்தது. உறுதிமொழியை வாசித்த அதே குரல். “எல்லாரையும்விட அவதான் நல்லா எழுதியிருந்தா. முகப்புலதான் உக்காந்திருக்கணும். பின்னாடி பதிவறைக்கு அனுப்பலாம்னு சொன்னதுல நானும் ஒருத்தன். அவ முகம் யார் கண்ணுலயும் படக் கூடாதுன்னுதான் அப்படிச் சொன்னேன். வீட்டுலயும் அப்படித்தான் வெச்சிருந்தேன். இதை அவ முன்னாடி சொல்லணும்னுதான் இன்னிக்கு வந்தேன். என்ன தண்டனை குடுத்தாலும் ஏத்துக்கறேன்.”

ஆணையர் தலைவியைக் கேட்டார். மேலாளர் சொன்னது உண்மை என்றாள் தலைவி. அன்றைக்குத் தானும் பேசாமல் இருந்துவிட்டதாகவும் சொன்னாள். அதை யாரும் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. பொறியாளரைக் கேட்டார்கள். “பதிவறைன்னு முதல்ல சொன்னது நான்தான். அவரும் ஒத்துக்கிட்டார்,” என்று பொறியாளர் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

ஆணையரின் முகம் மலர்ந்தது. உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். சிக்கல் தீர்ந்துவிட்டது; பெரியவளைக் கேட்க வேண்டிய அவசியம்கூட இல்லை. ஆணையர் எழுந்து முடிவைச் சொன்னார்: மேலாளர் தன் மகளுக்கு எந்தச் சலுகையும் காட்டவில்லை என்பது சாட்சிகளால் உறுதியாகிறது. இரண்டாவது நேர்காணலில் அவருக்குப் பங்கே இல்லை. உறவைத் தெரிவிக்காமல் விட்டதற்கு எச்சரிக்கை போதும். மற்றபடி அவர் மேல் குற்றம் இல்லை.

“குற்றம் இல்லாதது மட்டுமா?” என்று எழுந்தார் ஒரு மூத்த உறுப்பினர். பேச வாய்ப்புக் கிடைத்தால் விடாதவர். “சொந்த மகளே எதிர்ல வந்து உக்காந்தப்பவும், பாசத்துக்கு இடம் கொடுக்காம, யாரோ மூணாம் மனுஷி மாதிரி கேள்வி கேட்டு, பின்னாடி அறைக்கு அனுப்பியிருக்காருன்னா, இதைவிட நடுநிலைமை வேற என்ன வேணும்? நம்ம சமவாய்ப்பு உறுதிமொழிக்கு இவர் ஒரு முன்மாதிரி. பாராட்டுன்னு தீர்மானத்துல எழுதணும்.”

“எழுதலாம்,” என்றார்கள் பலர்.

பொறியாளர்கூட எழுந்து வந்து கையை நீட்டினார். “தப்பா நெனச்சுட்டேன் சார். நீங்க நேர்மையானவர்தான்.”

மேலாளர் அந்தக் கையைப் பார்த்தார். தொடவில்லை. அவர் எழுந்து நின்றிருந்தார். தண்டனைக்காகத் தன்னைத் தயார்ப்படுத்திக்கொண்டு வந்த உடம்பு, அது கிடைக்காததால் என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தது.

“அதை எழுதாதீங்க சார்,” என்றார். “உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். அந்தப் பாராட்டை எழுதாதீங்க.”

“பாருங்க, தன்னடக்கத்தை,” என்றார் மூத்த உறுப்பினர். யாரோ கைதட்டத் தொடங்கினார்கள். மண்டபம் முழுக்கத் தட்டியது.

அவர் அப்போதுதான் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தார். அந்த நாற்காலி காலியாக இருந்தது. கதவு திறந்திருந்தது. கீழ்த்தளத்தில் முகப்பைத் திறக்கும் நேரமாகியிருந்தது. வரிசையில் நிற்கிறவர்களின் பேச்சுச் சத்தம் படியேறி வந்தது. அதன் நடுவே, “முதல்ல உக்காருங்கம்மா, அப்புறம் சொல்லுங்க,” என்று ஒரு குரல் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது.

கைதட்டல் எப்போது நின்றது என்று மேலாளருக்குத் தெரியவில்லை. எல்லோரும் உட்கார்ந்து அடுத்த விஷயத்தை எடுத்துக்கொண்டார்கள். பக்கத்தில் இருந்தவர் சட்டையைப் பிடித்து மெல்ல இழுத்து, “உக்காருங்க சார், எல்லாம் முடிஞ்சுது,” என்றார்.

அவர் உட்காரவில்லை.